ஜீப் வண்டியில் பழைய வின்ச்சைப் பொருத்தும் முறை

மலைச் சரிவுகளில் ஏலம், காப்பி, மிளகு, மலைவாழை முதலியன பயிரிடும் மிராசுதார்களுக்கு ஜீப் வண்டி இன்றியமையாத துணையாக அமைந்துவிட்டது. தேனி ஜில்லாவிலிருந்து குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மலைகளிலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்வதும், உரமும் மருந்தும் கொண்டு சேர்ப்பதும், பறித்த காயை உலர்த்தும் கொட்டகைக்குக் கொணர்வதும் அவ்வண்டியே. ஆனால் ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் தோட்டத்து மண்பாதை தொளியடித்த வயலைப் போலாகிவிடுகிறது. நான்கு சக்கரங்களும் சுழலும் வண்டியேயாயினும் சேற்றில் இறங்கியபின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுமேயன்றி வண்டி நகராது. ஓட்டுபவர் பொறுமையிழந்து மேலும் மேலும் விசையை மிதிப்பதனால் பாதையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி விழுகிறது. மறுநாள் மழைநீர் அக்குழியையே வாய்க்காலாகக் கொண்டு ஓடிப் பாதையை அரித்துவிடுகிறது. ஒரு மாலை நேரத்தில் சக்கரம் செய்த கேட்டைச் சீர்செய்ய ஐந்தாறு ஆட்கள் இரண்டு நாள் கல்லும் மண்ணும் சுமக்க வேண்டியதாகிறது.

இக்கஷ்டத்துக்குப் பரிகாரமாக அமைந்த சாதனமே வின்ச்சு என்னும் வடமிழுக்கும் பொறி. கவலைக் கிணற்றில் வடமும் சகடையும் எருதும் சேர்ந்து செய்யும் வேலையை இப்பொறி ஒன்றே செய்கிறது. இரும்பு உருளையொன்றில் கம்பிவடம் சுற்றப்பட்டிருக்கும். வடத்தின் நுனிக் கொக்கியை எதிரேயுள்ள மரத்திலோ பாறையிலோ மாட்டி உருளையைச் சுழற்றினால், வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும். விழுந்த மரத்தைப் பாதையிலிருந்து அகற்றவும், வேரறுத்த கட்டையைப் பெயர்த்திழுக்கவும் இது உதவும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தின்போது இடுக்கி மலைகளில் பல இடங்களில் மண் சரிந்து சாலைகள் துண்டிக்கப்பட்டதை அப்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய காலங்களில் இப்பொறியின் அருமை நன்கு விளங்கும்.

ஜீப் வண்டி யுத்தத்துக்காகப் பிறந்ததெனினும், யுத்தம் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனியார் அதைக் குடியானவரின் வண்டியாக மாற்றி விற்கத் தொடங்கினர். கலப்பை இழுக்கவும், மரமறுக்கும் வாளையும் கதிரடிக்கும் யந்திரத்தையும் ஓட்டவும் எஞ்சினின் சக்தியை வெளியே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அதற்கு உண்டு. அச்சக்தியையே வின்ச்சுக்கும் பயன்படுத்தினர். மகேந்திரா கம்பெனியார் பம்பாயில் பூட்டியும் பிறகு முழுவதும் உற்பத்தி செய்தும் விற்ற ஜீப்புகள் அவ்வில்லிஸ் வண்டியின் வழிவந்தவையே. ஆகையால் அக்காலத்து வின்ச்சுகள் இன்றும் இவ்வண்டிகளில் சிறிது மாற்றத்துடன் பொருந்துகின்றன. புதிய வின்ச்சின் கிரயம் அதிகமாயிருப்பதாலும், பழையது கனத்த வார்ப்பும் தடித்த பற்சக்கரமும் கொண்டிருப்பதாலும், அனேக விவசாயிகள் பழையதையே தேடி வாங்குகின்றனர். அதில் தவறில்லை. எனினும் பழைய கலப்பையை வாங்குவது போல இதை வாங்கிவிடக் கூடாது. கலப்பை முறிந்தால் ஒரு நாள் உழவு கெடும். வின்ச்சு முறிந்தால் ஆள் சாகக்கூடும்.

இரு வகை வின்ச்சுகள்

பழைய வின்ச்சுகள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று எஞ்சினின் சக்தியால் ஓடுவது. மற்றொன்று பாட்டரியின் மின்சாரத்தால் ஓடுவது.

எஞ்சினால் ஓடும் வகையில், கியர்ப்பெட்டியை அடுத்துள்ள டிரான்ஸ்பர் பெட்டியிலிருந்து ஒரு தண்டு வண்டியின் அடிப்பக்கமாக முன்னோக்கிச் சென்று வின்ச்சைச் சுழற்றும். வின்ச்சினுள் திருகுத்தண்டு ஒன்று வெண்கலப் பற்சக்கரத்தை மெதுவாகத் தள்ளும். எஞ்சின் ஓடுமளவும் இது சளைக்காமல் இழுக்கும். நாள் முழுதும் கட்டை பெயர்ப்பவருக்கு இதுவே உத்தமம். ஆனால் ஓடையின் நடுவே எஞ்சின் நின்றுபோனால் வின்ச்சும் நின்றுபோகும்.

இவ்வகையை வாங்குவோர் முதலில் வெண்கலச் சக்கரத்தின் பற்களைப் பார்க்க வேண்டும். பற்கள் கத்தி முனை போலத் தேய்ந்திருந்தால் அதை விட்டுவிடுவதே நலம். அடுத்து, தண்டும் வின்ச்சும் சேருமிடத்தில் உள்ள சிறு ஆணியைக் கவனிக்க வேண்டும். பட்டறைக்காரர் இதை ஷியர் பின் என்பர். சுமை மிஞ்சும்போது தான் அறுந்து மற்ற உறுப்புகளையும் வடத்தையும் காப்பதற்காகவே மெதுவான உலோகத்தில் செய்து இவ்வாணியை வைத்திருக்கின்றனர். இது அடிக்கடி அறுகிறதென்று சலித்து, அவ்விடத்தில் கெட்டியான போல்ட்டையோ, உடைந்த துரப்பண ஊசியையோ செருகிவிடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. இது மின்சாரப் பெட்டியில் உருகுகம்பிக்குப் பதிலாக ஆணியை வைப்பதற்கு ஒப்பாகும். பழைய வின்ச்சு எதை வாங்கினாலும் இவ்வாணியைக் கழற்றிப் பார்த்து, தயாரித்தவர் குறித்த உலோகத்திலும் அளவிலும் புதிதாகக் கடைந்து போடுவதோடு, நான்கைந்து உபரியாகவும் வண்டியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மின்சார வகையில் பெயர் பெற்றது அமெரிக்க வார்ன் கம்பெனியார் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட 8274 என்னும் வின்ச்சு. இதன் முதற்சுற்று இழுவை 8,000 ராத்தல், அதாவது சுமார் 3,600 கிலோ. உருளை கீழேயும் மோட்டார் மேலேயுமாக இது நிமிர்ந்து நிற்கும். இதன் பிரேக் பற்சக்கரப் பெட்டியில் இருப்பதால் உருளை சூடேறுவதில்லை. பிற்காலத்தில் வந்த தட்டையான வின்ச்சுகள் பலவற்றில் பிரேக் உருளைக்குள்ளேயே அடங்கியிருக்கும். வடத்தைப் பாரத்தோடு வெளியே விடும்போது அவ்வுருளை கை வைக்க முடியாதபடி சூடாகும். இவ்வேறுபாடு வடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முக்கியமாகும்.

மின்சார வின்ச்சு, எஞ்சின் நின்றபின்னும் பாட்டரியில் உயிருள்ளவரை சில நிமிஷங்கள் இழுக்கும். ஆனால் அது ஓயாமல் உழைக்கும் பொறியன்று. ஒரு நிமிஷம் இழுத்தால் சிறிது ஓய்வு கொடுத்து, மோட்டாரின் உடலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட முடியாத சூடாயிருந்தால் ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. யுத்தகாலத்து ஜீப்புகளில் மின்சாரம் 6 வோல்ட்டாகவும் பிற்காலத்தவற்றில் 12 வோல்ட்டாகவும் இருப்பதால், வின்ச்சும் வண்டியும் ஒரே வோல்ட்டுக்கு அமைந்தவைதானா என்பதை வாங்குமுன்பே பார்த்துக்கொள்வது அவசியம்.

எவ்வளவு இழுவை வேண்டும்

பாரம் ஏற்றிய வண்டியின் மொத்த எடையில் ஒன்றரை மடங்கு இழுக்கக்கூடிய வின்ச்சே தக்கது என்பது பொதுவிதி. ஆட்களும் சரக்குமாக 2,000 கிலோ எடையுள்ள ஜீப்புக்கு 3,000 கிலோவுக்குக் குறையாத வின்ச்சு வேண்டும். சக்கரம் புதையுமளவு சேற்றில் இறங்கிய வண்டியைப் பெயர்க்க ஏறக்குறைய வண்டியின் எடையளவு இழுவை தேவை; மட்கார்டு வரை புதைந்துவிட்டால் அதைப் போல் இரு மடங்கு. ராணுவத்தார் மீட்புப் பணிக்குக் கொள்ளும் கணக்கு இது.

இவ்விடத்தில் பலரும் ஏமாறுவது ஒன்றுண்டு. வின்ச்சின்மேல் பொறித்திருக்கும் இழுவை, உருளையில் ஒரே அடுக்கு வடம் சுற்றியிருக்கும்போது மட்டுமே கிடைப்பது. அடுக்கு ஏற ஏற உருளை பருத்து, அதனால் இழுவை குறையும். 64 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருளையில் 8 மில்லிமீட்டர் வடத்தைச் சுற்றுவதாகக் கொள்வோம். மையத்திலிருந்து வடத்தின் நடு வரையுள்ள தூரம் முதல் அடுக்கில் 36 மில்லிமீட்டர், இரண்டாவதில் 44, மூன்றாவதில் 52, நான்காவதில் 60. முதல் அடுக்கில் 3,600 கிலோ இழுக்கும் வின்ச்சு, இரண்டாவதில் சுமார் 2,950, மூன்றாவதில் 2,500, நான்காவதில் 2,160 கிலோவே இழுக்கும். ஆகையால் அருகிலுள்ள மரத்தில் கொக்கியை மாட்டிவிட்டு, வின்ச்சு முனகுகிறதென்று பொறியைக் குறை கூறுவது நியாயமன்று. தூரத்து மரமாகப் பார்த்து வடத்தை நிறைய வெளியே எடுத்தால் அதே பொறி நன்றாக இழுக்கும். தூரத்தில் மரமில்லாவிடில் கப்பியொன்றை மரத்தில் கட்டி, வடத்தை அதனுள் செலுத்தித் திருப்பிக் கொணர்ந்து வண்டியின் சட்டத்திலுள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். வேகம் பாதியாகும், இழுவை ஏறக்குறைய இரட்டிக்கும். அவ்வாறு திரும்பி வரும் நுனியை வின்ச்சு அமர்ந்த தட்டிலேயே மாட்டிவிட்டால், இரண்டு வடங்களின் சுமையும் அத்தட்டின்மேலேயே விழும். மரத்துக்கும் இரட்டைச் சுமை என்பதை நினைவிற்கொண்டு, வேர்பிடிப்புள்ள பருத்த மரத்தின் அடிப்பாகத்தில், பட்டை உரியாதவாறு அகலமான நாடாவையே சுற்ற வேண்டும். சங்கிலியையோ வடத்தையோ நேராகச் சுற்றினால் மரத்தின் பட்டை அறுபட்டு, நிழலுக்காக வளர்த்த மரம் பட்டுப்போகும்.

பிரித்துப் பார்த்தல்

வாங்கிய வின்ச்சை அப்படியே வண்டியில் ஏற்றாமல், பட்டறை மேஜையில் வைத்து முழுவதும் பிரிக்க வேண்டும். பல வருஷங்கள் கிடந்த பொறியினுள் கிரீஸ் மெழுகு போல் உறைந்திருக்கும்; நீர் புகுந்ததாயின் எண்ணெய் பால்நிறமாய் இருக்கும். மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, பற்கள், புஷ்கள், எண்ணெய்த் தடைகள் ஆகியவற்றைப் பார்த்துத் தேய்ந்ததை மாற்ற வேண்டும். பிரேக்கின் தேய்பட்டையில் எண்ணெய் ஊறலாமா என்பது ஒவ்வொரு வின்ச்சுக்கும் வேறுபடுமாதலால், தயாரித்தவரின் கையேட்டைத் தேடி எடுத்துப் படிக்காமல் அவ்விடத்தில் கை வைக்கக் கூடாது. மோட்டாரின் கரிப் பிரஷ்கள் குட்டையாகியிருந்தால் புதியன போட வேண்டும்.

மின்சார வின்ச்சில் முன்னும் பின்னும் சுழற்றும் திசையை மாற்ற, பழையவற்றில் நான்கு தனித்தனி சொலினாய்டுகள் இருக்கும். அவற்றின் உள்ளேயுள்ள செப்புத் தகடுகள் பொறி பறந்து கருகி, சில வேளைகளில் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். அப்போது விசையிலிருந்து கையை எடுத்தாலும் வின்ச்சு நிற்காது. கொக்கி வண்டியின் முகப்பில் வந்து மோதி, வடம் அறும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும். இதற்காகப் பாட்டரிக்கும் வின்ச்சுக்கும் இடையே, ஓட்டுபவரின் கைக்கு எட்டுமிடத்தில், முழு மின்னோட்டத்தையும் தாங்கித் துண்டிக்கவல்ல பெரிய சுவிட்ச் ஒன்றை வைப்பது கட்டாயம் என்றே சொல்லலாம். அச்சுவிட்சின் விலையை எண்ணித் தயங்குபவர் மின்சார வின்ச்சை வைத்துக்கொள்ளாதிருப்பதே மேல்.

பீடமும் போல்ட்டும்

பொருத்தும் வேலையில் மிகுந்த யோசனை வேண்டிய பகுதி இதுவே. வின்ச்சின் பலம் எவ்வளவாயினும், அது உட்கார்ந்திருக்கும் பீடத்தின் பலத்துக்கு மேல் பயனில்லை. பம்பரில் நான்கு துளையிட்டு மாட்டிவிடுவது கூடாது. பழைய ஜீப்பின் பம்பர் சேற்றையும் கல்லையும் தள்ளுவதற்கானதேயன்றி 3,600 கிலோவைத் தாங்குவதற்கானதன்று. பீடம் வண்டியின் இரு பக்கத்து நீளச் சட்டங்களையும் பற்றி நிற்க வேண்டும்.

குறைந்தது 6 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டை எடுத்து, அதன் இரு பக்கங்களிலும் கோண இரும்பை வைத்து, சட்டத்தின் பக்கச் சுவரோடு 30 அல்லது 40 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பின்னோக்கிச் செல்லுமாறு அமைக்க வேண்டும். சட்டத்தின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் துளையிடலாகாது. சட்டத்தின் பலம் அவ்விளிம்புகளிலேயே உள்ளது. நடுச் சுவரில் மட்டும் துளையிட்டு, வாய் திறந்த சட்டம் போல்ட்டு இறுகும்போது நசுங்காமலிருக்க உட்புறத்தில் சிறு குழாய்த் துண்டை இடைவைப்பது நலம். சட்டத்தின் குறுக்கே, முக்கியமாக வில்பட்டை மாட்டும் தாங்கியின் அருகே, வெல்டிங் வைத்தால் அவ்விடம் கடினப்பட்டு, ஓரிரு மழைக்காலங்களுக்குள் கீறல் விடும். பீடத்துக்கு வெல்டிங் அவசியமாயின் அதை வண்டியில் ஏற்றுமுன்பே செய்துவிட வேண்டும். வண்டியிலேயே செய்தாக வேண்டுமென்றால் பாட்டரியின் இரு முனைகளையும் கழற்றியபின் செய்யாவிடில் ஆல்ட்டர்னேட்டரிலுள்ள டயோடுகள் கெட்டுவிடும்.

வின்ச்சை எவ்வளவு தாழ்வாக அமர்த்த முடியுமோ அவ்வளவும் தாழ்த்துவது ஏனென்பதை ஒரு கணக்கினால் அறியலாம். வடம் பீடத்துக்கு 10 சென்டிமீட்டர் மேலே வருவதாகவும், பீடத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் முன்வரிசைப் போல்ட்டுகளுக்கும் பின்வரிசைக்கும் 10 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதாகவும் கொண்டால், 3,600 கிலோ முன்னோக்கி இழுக்கும்போது பீடம் முன்பக்கமாகக் கவிழ முயலும். அதைத் தடுக்கப் பின்வரிசைப் போல்ட்டுகள் அதே 3,600 கிலோவைத் தாங்க வேண்டியதாகும். இடைவெளியை 20 சென்டிமீட்டர் ஆக்கினால் அச்சுமை 1,800 கிலோவாகக் குறையும். தகட்டின் கனத்தைக் கூட்டுவதினும் பிடிப்பின் நீளத்தைக் கூட்டுவதே சிக்கனமும் பலமும் ஆகும்.

போல்ட்டுகளின் விஷயத்தில் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வருவது தகாது. 12 மில்லிமீட்டர் சாதாரண போல்ட்டு, அதாவது 4.6 என்னும் தரத்தது, நிரந்தரமாக நீளாமல் சுமார் 1,900 கிலோவையே தாங்கும். அதே பருமனில் 8.8 என்று தலையில் பொறித்தது சுமார் 5,000 கிலோ தாங்கும். விலையில் சில ரூபாய் வித்தியாசம். தாங்குதிறனில் இரண்டரை மடங்குக்கு மேல். அமெரிக்க வின்ச்சுகளில் மரை அங்குல அளவில் இருக்கும். மில்லிமீட்டர்ப் போல்ட்டை அதில் முறுக்கி ஏற்றினால் இரண்டு மூன்று சுற்று ஏறிப் பிடித்ததுபோல் காட்டி, சுமையில் பிடுங்கிக்கொண்டு வரும். போல்ட்டு அளவுக்கு மிஞ்சிய நீளமாயிருந்தாலும் கேடுதான். அது துளையின் அடியில் முட்டி இறுகிவிட்டதாகத் தோன்றும். பீடமோ தளர்ந்தே இருக்கும்.

பாரத்தையும் மறக்கலாகாது. வின்ச்சு, வடம், பீடம் எல்லாம் சேர்ந்து 75 கிலோ என்று வைத்துக்கொண்டால், பழைய ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 2.03 மீட்டர் தூரமே இருப்பதால், முன் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னே தொங்கும் அந்த 75 கிலோ, முன் அச்சில் 97 கிலோவாக அழுத்தும். பின் அச்சில் 22 கிலோ குறையும். முன் வில்பட்டை தாழ்ந்து, ஸ்டியரிங் கனக்கும். வில்லில் ஒரு பட்டை கூட்ட வேண்டியிருக்கும். நிமிர்ந்த வகை வின்ச்சானால் ரேடியேட்டருக்கு வரும் காற்றையும் ஓரளவு மறைக்கும். மலையேறும்போது எஞ்சின் சூட்டைக் கவனித்து வர வேண்டும்.

மின்கம்பிகள்

8,000 ராத்தல் வின்ச்சு முழுச் சுமையில் இழுக்கும்போது ஏறக்குறைய 400 ஆம்பியர் மின்னோட்டத்தைக் குடிக்கும். பழைய ஜீப்பின் ஆல்ட்டர்னேட்டர் தருவதோ பெரும்பாலும் 60 ஆம்பியருக்கு உட்பட்டதே. மீதமெல்லாம் பாட்டரியின் சேமிப்பிலிருந்தே போகிறது. ஒரு நிமிஷ இழுவையில் செலவானதை 40 ஆம்பியர் விகிதத்தில் திரும்ப நிரப்பப் பத்து நிமிஷம் எஞ்சின் ஓட வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் நஷ்டம் இன்னும் பெரிது. போகவும் வரவுமாக 4 மீட்டர் நீளத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போட்டால் 12 வோல்ட்டில் சுமார் 1¾ வோல்ட் கம்பியிலேயே வீணாகி, கம்பி சுடும். 35 சதுர மில்லிமீட்டர் போட்டால் வீணாவது 0.8 வோல்ட்டே. எதிர்முனைக் கம்பியைச் சட்டத்தில் எங்கேனும் ஓரிடத்தில் மாட்டிவிடாமல், மோட்டாரிலிருந்து பாட்டரி வரை நேராகவே கொண்டுபோக வேண்டும். துருப்பிடித்த சட்டத்தை நம்பினால், மின்னோட்டம் ஆக்ஸிலரேட்டர்க் கம்பி வழியாகவும் வேறு வழிகளிலும் ஓடி அவற்றை எரித்துவிடும். கம்பி உராயுமிடங்களில் ரப்பர்க் குழாய் மாட்டுவதும் அவசியம்.

வடம்

பழைய வின்ச்சோடு வந்த பழைய வடத்தைக் கூடியவரையில் பயன்படுத்தாமலிருப்பதே விவேகம். வெளியே பளபளப்பாயிருந்தாலும் உட்புரியில் துரு ஏறியிருக்கும். ஒரு முறை முடிச்சு விழுந்து மடிந்த கம்பிவடம், நிமிர்த்தியபின் நேராகத் தோன்றினாலும், பழைய பலத்தை மீண்டும் பெறுவதில்லை. புதிய 8 மில்லிமீட்டர் எஃகு வடம், தரமானதாயின், சுமார் 4,400 கிலோவில் அறும்; 3,600 கிலோ வின்ச்சுக்கு அதுவே எல்லை. நுனியில் வளையம் செய்யக் கிளிப்புகளைப் போடும்போது, சுமை வரும் நீண்ட வடத்தின் பக்கம் கிளிப்பின் அமர்வுப் பகுதியும், வெட்டப்பட்ட குட்டை நுனியின் பக்கம் வளைந்த போல்ட்டும் வருமாறு, மூன்று கிளிப்பாவது போட வேண்டும். மாற்றிப் போட்டால் வளைந்த போல்ட்டு சுமை தாங்கும் வடத்தையே கடித்துவிடும்.

உருளையில் வடத்தைப் பிடித்திருக்கும் சிறு திருகாணி சுமை தாங்குவதற்கன்று. குறைந்தது ஐந்து சுற்று உருளையில் எப்போதும் இருக்க வேண்டும்; உராய்வே பிடிக்கிறது. அந்த ஐந்தாம் சுற்று வருமிடத்தில் வடத்துக்குச் சிவப்பு வர்ணம் பூசி வைப்பது நல்ல வழக்கம். புது வடத்தை முதலில் சுற்றும்போது சுமார் 500 ராத்தல் இழுவையோடு இறுகச் சுற்றாவிடில், பின்னர் பாரத்தில் மேலடுக்கு கீழடுக்குக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். உருளை எத்திசையில் வடத்தை ஏற்க வேண்டுமென்று தயாரித்தவர் குறித்தாரோ அத்திசையிலேயே சுற்ற வேண்டும். மாறிச் சுற்றினால் வின்ச்சு இழுக்கத்தான் செய்யும். ஆனால் பல வின்ச்சுகளில் பிரேக் பிடிக்காது.

இக்காலத்தில் எஃகுக்குப் பதிலாக இலேசான செயற்கை நார் வடம் பலரால் விரும்பப்படுகிறது. அறுந்தாலும் எஃகைப் போலச் சாட்டையாகப் பாயாது என்பது அதன் பெரிய அனுகூலம். எனினும் அந்நார் 150 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய சூட்டில் உருகிவிடும். ஆகையால் பிரேக் உருளைக்குள்ளே அமைந்த வின்ச்சில் அதைப் போடுமுன் யோசிக்க வேண்டும். 8274 போன்றவற்றில் அப்பயமில்லை. ஆனால் எஃகு வடம் கீறிய உருளையையும் வழிகாட்டி உருளைகளையும் அரம் போட்டு மழமழப்பாக்காமல் நார் வடத்தைச் சுற்றினால் ஒரு மழைக்காலமும் தாங்காது.

இழுக்கும்போது

விசைத்த எஃகு வடம் அறும்போது வரும் வேகம் கண்ணுக்குத் தெரியாது. வடத்தின் நடுவே நனைத்த கோணிச்சாக்கு ஒன்றைப் போர்த்தி வைத்தால் அறுந்த முனை தரையில் விழ ஏதுவாகும். வண்டியின் பானெட்டைத் திறந்து வைப்பது கண்ணாடிக்கும் ஓட்டுபவருக்கும் ஓரளவு மறைவாகும். வடத்தைக் கையால் வழிகாட்டுபவர் தோலுறை அணிய வேண்டும். உருளை சுழலும்போது ஒரு முழத்துக்குள் கை போகவே கூடாது. வேடிக்கை பார்ப்போர், முக்கியமாகச் சிறுவர், வடத்தின் நீளத்தில் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிற்பதைப் பார்த்துக்கொள்வது, பாதையில் விழுந்த மரத்தை அகற்றும் இடங்களில் கிராம அதிகாரிகளின் பொறுப்பாகும். விசைத்த வடத்தைத் தாண்டுவது சேவகர்களும் இளைஞர்களும் சாதாரணமாகச் செய்வது. அதை உடனே தடுக்க வேண்டும்.

பக்கவாட்டில் கட்டையை இழுப்பது ஜீப்புக்கு ஆகாது. அதன் சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலம் சுமார் 1.23 மீட்டரே, சரிவில் பக்க இழுவை விழுந்தால் வண்டி உருண்டுவிடும். வண்டியின் முகம் இழுக்கும் திசையை நேராகப் பார்க்க நிற்க வேண்டும். சக்கரங்களுக்குக் கல் முட்டு கொடுப்பதும் அவசியம்.

மற்றொன்று. கிணற்றினுள் இறங்கிய பம்பைத் தூக்கவும், சில இடங்களில் தூர்வாரும் ஆளையே கூடையில் வைத்து இறக்கவும் இவ்வின்ச்சைப் பயன்படுத்தத் துணிகின்றனர். இப்பொறி தரையில் இழுப்பதற்கானது, தூக்குவதற்கானதன்று. இதன் பிரேக் மனித உயிரைத் தொங்கவிடுவதற்கென அமைந்ததன்று. ஆளை இதில் ஏற்றுவதை யாரும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்கலாகாது.

பொருத்தி முடித்த வின்ச்சை மழைக்காலத்துக்கு முன்பே சோதித்துக்கொள்வது நலம். காய்ந்த மிதமான சரிவில் வண்டியை நிறுத்தி, மேலேயுள்ள மரத்தில் கொக்கியை மாட்டி, வண்டியைத் தன் எடையாலேயே மெல்ல இழுக்கச் செய்து நடுவழியில் விசையை விட்டுப் பார்க்க வேண்டும். இச்சோதனை முழுதும் ஒருவர் ஸ்டியரிங்கில் அமர்ந்து காற்பிரேக்குக்குத் தயாராயிருக்க வேண்டும். விட்ட இடத்திலேயே வண்டி நின்றால் வின்ச்சின் பிரேக் சரியானது. விரல் அளவேனும் பின்வாங்கினால் அப்பொறி மீண்டும் பட்டறைக்கே போக வேண்டியது. சோதனைக்குப் பின் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கி, பீடத்தின் வெல்டிங்கிலும் சட்டத்திலும் புதுக் கீறல் உண்டா என்று துடைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் நிபந்தனை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும் விதத்தில் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. மேலும் 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தார், வண்டியின் முகப்பில் நீட்டி மாட்டும் காப்புக் கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதினர். பம்பருக்கு வெளியே துருத்தி நிற்கும் வின்ச்சுப் பீடமும் அவ்வகையானதே என்று சாலைச் சோதனையில் கொள்ளப்பட இடமுண்டு. ஆகையால் பீடத்தைப் பம்பருக்குப் பின்னே, சட்டங்களுக்கு இடையில் அடங்குமாறு அமைப்பது பலத்துக்கும் நல்லது, சட்டத்துக்கும் நல்லது. வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படத்துடன் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்து மூலம் பெற்று வண்டியின் பத்திரங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும்; தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி நஷ்டஈட்டை மறுப்பதற்கு இடம் கொடுக்கலாகாது. மலைக்கு மேல் எல்லை கடந்து வேற்று மாநிலத்துக்கு அன்றாடம் செல்லும் தோட்டக்காரர்கள் இப்பத்திரங்களின் நகலொன்றை வண்டியிலேயே வைத்திருப்பது சோதனைச் சாவடியில் வீண் தாமதத்தைத் தவிர்க்கும்.